பழவேற்காட்டுச் சிறுவர்க்குச் சட்டசபை

சட்டசபை அங்கத்தினர் யாவரெனப் பழவேற்காட்டுச் சிறுவன் வினவின், "வீதியும் விளக்கும் கொணர்பவர்" என்றே பெரியோர் விடையிறுப்பர். இவ்விடை போதாது. ஏரியில் இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை விரிக்கவென முறை வகுக்கும் 'பாடு' என்னும் வழக்கை அச்சிறுவன் நன்கறிவான். சட்டமும் அத்தகைத்தே எனத் தொடங்குதல் எளிது. பாடு ஊரார் வகுப்பது. சட்டமோ 234 அங்கத்தினர் கூடி மாநிலம் முழுமைக்கும் ஆக்குவது.

ஆயின் வேற்றுமையை மறைத்தலாகாது. பாடு பூசலின்றி ஏரியைப் பகிரும் நல்லேற்பாடே எனினும், பரம்பரை உரிமையுடைய ஆடவர்க்கே அதில் இடமுண்டு. அச்சிறுவனின் அன்னைக்கு அதில் பெயரில்லை. ஏரியையே நம்பி வாழும் வேற்றுச் சமூகத்தார் பலர்க்கும் இல்லை. வாக்குரிமையிலோ 18 வயது நிரம்பிய யாவரும் அகத்தாரே. பாட்டிற்குப் புறத்தே நிறுத்தப்பட்ட தாழ்த்தப்பட்டோர்க்கெனவே பொன்னேரித் தொகுதி ஒதுக்கப்பட்டுளது. அத்தொகுதி 2016-இல் அ.தி.மு.க.வின் சிறுணியம் பலராமனையும், 2021-இல் காங்கிரசின் துரை சந்திரசேகரையும் தெரிந்தனுப்பிற்று. ஒருவரை இறக்கி மற்றொருவரை ஏற்றும் இவ்வதிகாரத்தையன்றோ முதலிற் கற்பித்தல் வேண்டும்?

இன்னுமொன்று. ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தது. பொன்னேரி அங்கத்தினர் எத்துணை வல்லராயினும் அவர்தம் சபையின் சட்டம் எல்லைக்கப்பாலுள்ள நீரில் செல்லாது. அங்கு வேறொரு சபை ஆளும்.