விதியா, வியாபாரியா?

கணினி நின்றுபோனால் நம்மவர் வாயினின்று முதலில் வரும் சொல் எது? "என் ராசி அப்படி" என்பதே. வாங்கிய மாதமே கைப்பேசியின் திரை இருண்டுவிட்டால், "நமக்கு இதெல்லாம் தெரியாது, எதையோ அழுத்தியிருப்போம்" என்று தம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறார்கள். காசு கொடுத்தவன் தலைகுனிகிறான்; காசு வாங்கியவன் நிமிர்ந்து நிற்கிறான். இது எந்த ஊர் நியாயம்?

அன்பர்களே! ஆயுத பூசை நாளில் கணினிக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் இடும் அலுவலகங்கள் உண்டு. இட்டவர்களைக் கேட்கிறோம்: பொட்டிட்ட கணினி பழுதாகாமல் இருந்ததுண்டா? மின்கலம் தேய்கிறது, உள்ளிருக்கும் வட்டு கெடுகிறது, சரிவரச் சோதியாத மென்பொருள் நம் தலையில் கட்டப்படுகிறது. இவற்றுள் எது கிரகக்கோளாறு? எல்லாம் மனிதர் செய்த பொருள். மனிதர் விற்ற பொருள். மனிதர் செய்த பிழைக்கு மனிதரே பொறுப்பாளி அன்றோ?

"விதியன்று, நமது கல்லாமையே காரணம்" என்று கூறுவாரும் உளர். அதுவும் பொய். 2024 ஜூலை 19ஆம் நாள் உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கணக்குப்படி அவை ஏறத்தாழ 85 இலட்சம். நமது சாங்கி விமான நிலையத்திலும் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்ய நேர்ந்தது. அன்று பிழை செய்தவன் தோட்டத்துத் தொழிலாளியா? தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் கட்டுமான ஊழியனா? அல்லன். கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய குற்றமுள்ள ஒரு புதுப்பிப்பே காரணம். கற்றோர் கூடிச் செய்த பிழைக்கு உலகம் முழுதும் காத்துக் கிடந்தது. ஆகவே, பொருள் கெட்டபோதெல்லாம் "நான் படிக்காதவன்" என்று நாணுவதை இன்றோடு விட்டொழியுங்கள்.

நிற்க. சிங்கப்பூரில் சட்டம் என்ன கூறுகிறது? மக்கள் 'லெமன் சட்டம்' என்று வழங்கும் விதிகள் 2012 செப்டம்பர் முதல் நாள் தொட்டு நடப்பில் உள்ளன. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், அக்குறை விற்கும்போதே இருந்தது என்று சட்டம் கொள்கிறது. இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவர் கடைக்காரரே, நாம் அல்லர். முதலில் அவர் பழுது நீக்கித் தர வேண்டும், அல்லது மாற்றுப் பொருள் தர வேண்டும். தக்க காலத்தில் அது நடவாவிடில் விலையைக் குறைக்கவோ, பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறவோ நமக்கு உரிமையுண்டு. பழைய பொருளை விற்கும் கடைக்காரரையும், பொருளின் விலையும் வயதும் கருதி, இச்சட்டம் கட்டுப்படுத்தும். ஆறு மாதம் கடந்தால் மெய்ப்பிக்கும் பாரம் நம்மேல் விழும். ஆதலால் காலம் தாழ்த்துவது பேதைமை.

இவ்வளவு இருந்தும் என்ன கண்டோம்? தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய சிம் லிம் சதுக்கத்தில், 2014 நவம்பரில், வியட்நாமிலிருந்து வந்த ஓர் ஆலைத் தொழிலாளி 950 வெள்ளி கொடுத்து ஒரு கைப்பேசி வாங்கினார். உத்தரவாதக் கட்டணம் என்று மேலும் 1,500 வெள்ளி கேட்கப்பட்டது. அவர் பணத்தைத் திரும்பக் கேட்டு, அழுது, கடையின் தரையில் முழந்தாளிட்டார். அக்காட்சியை உலகமே பார்த்தது. கடையின் உரிமையாளருக்கு 2015இல் 33 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சட்டம் தன் கடமையைச் செய்தது, மறுக்கவில்லை. ஆனால் தன் உழைப்பின் பணத்தைக் கேட்பவன் மண்டியிட வேண்டும் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? அது நமக்கும் புதிதன்று. கங்காணி காட்டியதே கணக்கு என்று கைகட்டி நின்ற பாட்டன்மாரின் பழக்கம் நம் முதுகெலும்பில் இன்னும் ஒட்டியிருக்கிறது. கோயில் வாசலிலும் தோட்டத்து வாசலிலும் குனியாதே என்று கற்ற நாம் கடை வாசலில் குனியலாமோ?

சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் 1971 முதல் இருக்கிறது. சிறு கோரிக்கைத் தீர்ப்பாயம் 1985 முதல் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையுள்ள வழக்கை அது கேட்கும். அங்கே வழக்கறிஞர் தேவையில்லை, அவர்களுக்கு இடமும் இல்லை. மலேசியத் தோட்டப்புறத்து அன்பர்களுக்கும் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பயனீட்டாளர் தீர்ப்பாயம் உண்டு. இவற்றின் கதவைத் தட்ட வேண்டுவது ஒரு ரசீதும் சிறிது துணிவுமே.

எனினும் இச்சட்டம் எட்டாத இடமும் ஒன்றுண்டு. கணினி கெடவில்லை, நன்றாகவே ஓடுகிறது, ஆனால் அதைச் செத்ததென்று செய்தவரே சாற்றிவிடுகிறார். 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு நின்றது. பதிவு செய்துகொள்வோருக்கு மேலும் ஓராண்டுத் தவணை என்றார்கள். அடுத்த பதிப்போ பல பழைய கணினிகளை ஏற்க மறுக்கிறது. பிள்ளையின் படிப்புக்கென்று சீட்டுக் கட்டி வாங்கிய கணினிக்கு ஆயுள் இவ்வளவே என்பதை, வாங்கிய நாளில் எவரேனும் சொன்னார்களா? பழைய மின்கலமுள்ள ஐபோன்களின் வேகத்தை மென்பொருளால் குறைத்ததாக ஆப்பிள் நிறுவனமே 2017இல் ஒப்புக்கொண்டது. திடீரென அணைவதைத் தடுக்கவே அவ்வாறு செய்தோம் என்றது. இருக்கலாம். ஆயினும் வாங்கியவரிடம் சொல்லாமல் விட்டதற்காகப் பிரான்சு 2020இல் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் வாங்கியது.

ஆகையால் நாம் கோருவது இது: எத்தனை ஆண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் என்பதை விற்கும்போதே அறிவிக்க வேண்டும். இது பேராசையன்று. கைப்பேசி முதலிய இணையப் பொருள்களுக்கு அவ்வாறு அறிவிக்க வேண்டுமென 2024 ஏப்ரல் முதல் பிரிட்டனில் சட்டம் உண்டு. கைப்பேசிகளுக்கு, அவற்றின் விற்பனை நின்ற பிறகும் ஐந்தாண்டு புதுப்பிப்புத் தர வேண்டுமென 2025 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விதி உண்டு. அங்கே கைப்பேசிக்குக் கூடுவது இங்கே கணினிக்குக் கூடாதோ?

யாம் இயந்திரத்தை வெறுப்பவரல்லேம். ஊருக்குப் பணம் அனுப்பவும், தாயின் முகம் காணவும், சம்பளக் கணக்கைச் சரிபார்க்கவும் ஏழைக்கு அது துணை. துணை என்பதனாலேயே அது நேர்மையாய் விற்கப்பட வேண்டும் என்கிறோம். சந்தனத்தைப் பெட்டிக்குப் பூசுவதை விட்டு ரசீதைப் பெட்டியில் பூட்டி வையுங்கள். பொருள் கெட்ட அன்றே கடைக்குச் செல்லுங்கள். தனியே செல்ல அஞ்சினால் நால்வராய்ச் செல்லுங்கள். கெஞ்ச வேண்டா, சண்டையும் வேண்டா. "ஆறு மாதம் ஆகவில்லை, குறை உம்முடையது" என்று நின்று சொல்லுங்கள்.