மோரை ஏன் தடுக்கிறீர்கள்?

"சிறுநீரகக் கல்லில் இருப்பது கால்சியம். ஆகவே கல் வந்தவர் பால், மோர், கேழ்வரகை அறவே விடவேண்டும்" என்கிறார்கள். கேட்க நியாயமாகத் தெரியும் இந்த வாதம் தவறு, ஆபத்தும்கூட.

சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். பசலையிலும் வேர்க்கடலையிலும் உள்ள ஆக்சலேட்டை, கூடவே உண்ட கால்சியம் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். மோரை நிறுத்தினால் அந்தப் பிடி தளர்ந்து, ஆக்சலேட் சிறுநீருக்கு வந்து சேரும்.

ஊகமல்ல இது. 2002-இல் வெளியான இத்தாலிய ஆய்வில் அடிக்கடி கல் வந்த 120 ஆண்கள் இரண்டு அணிகளாக ஐந்தாண்டு கவனிக்கப்பட்டார்கள். கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மறுபடி கல் வந்தது. கால்சியத்தை வழக்கம்போல் உண்டு, உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான். மாத்திரை வேறு கதை: 2006-இல் வந்த அமெரிக்கப் பெண்கள் ஆய்வில் கால்சியம், வைட்டமின் டி மாத்திரை எடுத்தவர்களுக்குக் கல் 17 சதவீதம் கூடியது. அந்தப் பழியை மோர் தலையில் போடாதீர்கள்.

உணவில் வராத கால்சியத்தை உடல் எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். என் பெரியம்மா கல்லுக்குப் பயந்து எட்டு வருடம் மோரைத் தொடவில்லை. கிணற்றடியில் வழுக்கிக் கை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்தது. அதுமட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எட்டு வருடம் அவருக்கு எந்த நன்மையும் செய்யவில்லை.

எதையாவது நிறுத்தச் சொல்லியே ஆகவேண்டுமென்றால் ஊறுகாயையும் அப்பளத்தையும் சொல்லுங்கள். உப்பு ஏற ஏறச் சிறுநீரில் கால்சியமும் ஏறுகிறது.