பொனற்றைத் திறந்து பார்த்தாயா?

நாங்கள் முதல் தடவை கியூபாவின் வரடேரோவுக்குப் போனது 2017 ஜனவரியில். ரொறன்ரோவிலிருந்து மூன்றரை மணித்தியாலப் பறப்பு. விமானம், அறை, மூன்று வேளைச் சாப்பாடு, குடிக்கிறவர்களுக்குக் குடி, எல்லாம் ஒரே காசுக்குள். ஹோட்டலில் கையில் ஒரு பிளாஸ்டிக் வளையம் கட்டிவிடுவார்கள். அது மணிக்கட்டில் கிடக்கும்வரை ஒருவரும் பில் நீட்டமாட்டார்கள். ஒரு கிழமை கடலில் ஊறிவிட்டு, கறுத்த நான் இன்னும் கறுத்து வந்தேன். திங்கள் இரவு வேலைத்தல கன்ரீனில் கைபேசியை எடுத்து எல்லாருக்கும் படம் காட்டினேன்.

ஸ்காபரோவில் ஒரு பாண் தொழிற்சாலை. இரவு வேலை, இருபத்தெட்டு வருடம். எங்கள் மாக்குழைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் ஒரு கியூபாக்காரன். அவன் ஊர் கார்டெனாஸ், வரடேரோவுக்குப் பக்கத்து நகரம். அவனும் என்னோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இந்தப் பாண்தான். அவர்கள் மொழியிலும் அது 'பான்'. சப்பாத்து அங்கே 'சபாத்தோ', மேசை 'மேசா', குசினி 'கொசினா'. போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுப்போன சொற்கள் இத்தனை வருடமாக இரண்டு பேருக்கும் பாலமாக இருந்தன. மிச்சத்தை உடைந்த ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டோம்.

படங்களில் ஒன்றில் அவன் விரல் நின்றது. ஹவானாவில் ஒரு நாள் சுற்றுலாவில் எடுத்தது. இளம்பச்சை நிறத்தில் 1955ஆம் ஆண்டுச் செவர்லே. கதவில் சாய்ந்தபடி என் மனைவி. பெரிதாக்கிப் பார்த்தான்.

"பொனற்றைத் திறந்து பார்த்தாயா?"

"இல்லை. ஏன்?"

"உள்ளே இருப்பது செவர்லே இல்லை. ஹியுண்டாய் டீசல் எஞ்சினாக இருக்கும், இல்லாவிட்டால் ரஷ்ய லாடா. உடைந்ததை எல்லாம் எவனோ ஒருவன் வீட்டுக் கொல்லையில் இருந்து கடைந்திருப்பான்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "என்னதான் சொன்னாலும் சனங்கள் சந்தோசமாகத்தான் இருக்கினம், எல்லாரும் சிரிச்ச முகம்" என்றேன். அவன் வாதாடவில்லை. "எங்கே பார்த்தாய்?" என்று மட்டும் கேட்டான். ஹோட்டலில் என்றேன். "வேலை நேரத்தில்" என்றான். தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

எனக்கு உறைக்க இரண்டு நாள் பிடித்தது. அதற்குச் சில வருடம் முன்பு, இலங்கையில் போர் முடிந்த பின், எங்கள் மேற்பார்வையாளர் நிலாவெளிக்குப் போய் வந்து இதே கன்ரீனில், இதே கதிரையில் இருந்து சொன்ன வசனமும் இதுதான். "உங்கள் ஊர்ச் சனம் எவ்வளவு இனியவர்கள்! எல்லாரும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். இப்போது ஒரு பிரச்சினையும் இல்லையே." அன்றிரவு முழுவதும் பாண் தட்டுகளை நான் அடுக்கிய சத்தத்தில் என் கோபம் எல்லாருக்கும் கேட்டிருக்கும். அவர் நிலாவெளியில் நின்ற ஐந்து நாள், நான் நாட்டை விட்டு ஓடி வந்த காரணத்துக்கு எதிர்ச் சாட்சியாகிவிட்டது. அதே வேலையைத்தான் நான் கார்டெனாஸ்காரனுக்குச் செய்திருந்தேன்.

உல்லாசப் பயணம் போவதை நான் பிழை சொல்லவில்லை. கொரோனாவுக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கனேடியர் கியூபாவுக்குப் போனார்கள். வேறெந்த நாட்டிலிருந்தும் இவ்வளவு பேர் போனதில்லை. அந்தக் காசில்தான் அங்கே பல குடும்பங்களின் அடுப்பு எரிகிறது. குற்றம் வேறு இடத்தில். போய் வந்தவர் தன் ஒரு கிழமையைத் தூக்கிக்கொண்டு வந்து, அந்த நாட்டில் பிறந்தவன் சொல்வதை வெட்டும் கத்தியாகப் பிடிக்கிறார். நான் என் கண்ணால் பார்த்தேன், நீ கசப்பில் பேசுகிறாய் என்கிறார். பார்த்தது உண்மைதான். எதைப் பார்க்கலாம் என்று யார் ஒழுங்குபடுத்தினார்கள் என்பதைத்தான் அவர் கேட்பதில்லை.

2008 வரை அந்த ஹோட்டல்களில் சாதாரணக் கியூபர் காசு கொடுத்துத் தங்க முடியாது. கூட்டலாம், துடைக்கலாம், சமைக்கலாம். மெக்கானிக்கின் தங்கை கார்டெனாஸில் கணித ஆசிரியை. பள்ளியை விட்டுவிட்டு வரடேரோவில் அறை துப்புரவாக்கப் போனாள். ஆசிரியைச் சம்பளத்தை இன்று தெருவிலையில் மாற்றினால் மாதம் இருபது டொலர்கூட வராது. ஹோட்டலில் சம்பளம் பெரிதில்லை. ஆனால் தலையணைக்குக் கீழே யாராவது ஐந்து டொலர் வைப்பார்கள். சவர்க்காரமும் பற்பசையும் விட்டுப்போவார்கள். எங்கள் அறையைச் சுத்தம் செய்த பெண் துவாயை அன்னம் மாதிரி மடித்து வைத்ததை என் மனைவி ஏழெட்டுப் படம் எடுத்தாள். அவளும் முன்பு என்னவாக இருந்தாளோ, நாங்கள் கேட்கவில்லை.

மெக்கானிக்கின் கதையைச் சொல்கிறேன். கிழக்கு ஜேர்மனிக்கு ஒப்பந்த வேலைக்கு அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான கியூப இளைஞர்களில் அவனும் ஒருவன். 1989 நவம்பரில் பேர்லின் சுவர் திறந்தது. அடுத்த ஆண்டு இவர்களைத் திருப்பி ஏற்றினார்கள். அந்த விமானங்கள் எரிபொருள் நிரப்ப நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், காண்டர் என்ற சின்ன ஊரில் இறங்கும். அவன் கழிப்பறைக்குப் போகிறவன் மாதிரி எழும்பிப் போய், சீருடையில் நின்ற ஒரு கனேடியரிடம் 'ரெஃபியூஜி' என்று ஒரு சொல் சொன்னான். காண்டரில் இப்படி இறங்கிய கியூபர் ஒருவர் இருவர் அல்லர். 1986 ஓகஸ்டில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத்தமிழரை மீனவர்கள் மீட்டுக் கரைசேர்த்ததும் இதே தீவில்தான். "உங்கள் ஆட்கள் கடலால் வந்தார்கள், நான் கழிப்பறையால் வந்தேன்" என்பான்.

ஓடிப்போனவர்களுக்கு அவன் நாட்டில் ஒரு பெயர் இருந்தது: 'குசானோ', புழு. 1980இல் மரியேல் துறைமுகத்தைத் திறந்துவிட்டபோது சுமார் 1,25,000 பேர் படகேறினார்கள். அவர்களைக் கழிவு என்றார்கள். 1994இல் லாரி டியூபையும் மரப்பலகையையும் கட்டிக்கொண்டு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கடலில் இறங்கினார்கள். இவற்றுக்கெல்லாம் முன்பே, 1979இல், மயாமியில் இருந்தவர்களை ஊர் பார்க்க வரலாம் என்று விட்டதும் பெட்டி நிறையச் சாமானுடன் வந்து இறங்கினார்கள். புழு பட்டாம்பூச்சியாகிவிட்டது என்று ஊர் சிரித்ததாம். காசு வந்தால் புழுவுக்கும் இறகு முளைக்கும் என்பது எங்கள் யாழ்ப்பாணத்துக்குத் தெரியாத கதையா?

போக வர உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். எனக்கு விமானத்தில் ஒரு துண்டு அட்டை தந்தார்கள், பெயரை எழுதினேன், போய்விட்டேன். அவனும் கனேடியக் குடிமகன்தான். ஆனால் கியூபாவில் பிறந்து 1971க்குப் பின் வெளியேறியவன் கியூபக் கடவுச்சீட்டோடுதான் உள்ளே போகலாம். அதற்குத் தனிக் கட்டணம்; 2023 வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நீட்டிக்க மேலும் கட்டணம். அவன் தாய் 1996இல் இறந்தபோது போக முடியவில்லை. உலகமே பாட்டுக் கேட்ட கியூபப் பாடகி செலியா க்ரூஸுக்கும் 1962இல் தாயின் அடக்கத்துக்குத் திரும்ப அனுமதி இல்லை. இப்படிப்பட்டவனிடம் போய் நான் "மறக்காமல் ஒருக்கா வரடேரோ போய்ப் பார்" என்றும் சொல்லியிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இதை வாசிக்கும் தோழர்கள் சிலர் பொருளாதாரத் தடையைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்பார்கள். பேசுகிறேன். 1962 முதல் அமெரிக்கா போட்ட தடை அந்தத் தீவை நெரிக்கிறது. 1992 முதல் ஐ.நா. பொதுச்சபை அதை நீக்கச் சொல்லி மீண்டும் மீண்டும் வாக்களித்து வருகிறது. மெக்கானிக்கும் தடையை எதிர்ப்பவன்தான். மயாமியில் இருக்கிற அவன் மச்சானுக்கும் அவனுக்கும் அதில் பேச்சுவார்த்தையே இல்லை. ஆனால் 2021 ஜூலை 11இல் அரசை எதிர்த்துக் கார்டெனாஸ் தெருவில் இறங்கியவர்களைப் பிடித்து அடைத்தது வாஷிங்டன் அல்ல என்றும் அவனே சொல்வான். நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அதற்குப் பிறகு வந்த வெளியேற்றத்துக்கு முன்னால் மரியேலும் சின்னதாகிவிட்டது. 2021 முடிவில் 1 கோடியே 11 இலட்சமாக இருந்த சனத்தொகை இரண்டே வருடத்தில் 1 கோடியை ஒட்டி வந்துவிட்டது. இது அரசின் சொந்தக் கணக்கு. சே குவேராவின் படம் போட்ட ரீசேட் என் மகனிடமும் உண்டு. அதைக் கழற்று என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தக் கணக்கையும் படி என்றேன்.

ஒரு நாள் நான் அவனைக் குத்தினேன். 2009 மே 27, ஜெனீவா மனித உரிமைப் பேரவை. முள்ளிவாய்க்கால் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. இலங்கையைப் பாராட்டிய தீர்மானத்துக்கு 29 வாக்கு. அதில் உன் நாடும் ஒன்று, உங்கள் புரட்சி எங்களுக்கு இதைத்தான் செய்தது என்றேன். கொஞ்சம் யோசித்தான். "என் நாட்டில் எதற்காவது என்னிடம் வாக்குக் கேட்டிருந்தால் நான் காண்டரில் இறங்கியிருக்கமாட்டேன்" என்றான். நான் அதைப் பிறகு கிளறவில்லை. இந்தியாவும் அந்த 29இல் ஒன்று என்பதை அவனிடம் நான் சொல்லவுமில்லை.

2025 ஜனவரியில் இரண்டாவது தடவை போனோம். இந்த முறை ஒரு பெட்டி முழுவதும் அவனுடைய சாமான்: பால்மா, பிரஷர் மாத்திரை, ஊசி நூல், சார்ஜ் பண்ணும் விளக்கு இரண்டு, குக்கருக்கு வாஷர் மூன்று. மூன்றாவது நாள் காலை கடற்கரைக் கதிரையை விட்டுவிட்டு டாக்சி பிடித்துக் கார்டெனாஸுக்குப் போனோம். அங்கே இறங்கியதும் குதிரை வண்டி. சுற்றுலாவுக்கான அலங்காரம் அல்ல, பஸ் இல்லாத ஊரின் பஸ். வழியில் பெரிய நண்டுச் சிலை ஒன்று.

தங்கை கோப்பி தந்தாள். பங்கீட்டுக் கோப்பித் தூளில் பட்டாணி கலந்திருக்கும். அந்தக் கசப்பு வேறு. அண்ணன் சொல்லிவிட்ட மூலைக்கடையைப் பார்க்க வேண்டும் என்றேன். அது மூடி இருபது வருடம் என்று சிரித்தாள். அவன் இன்னும் 1990இலேயே நிற்கிறான் என்றாள். அது எனக்கும் பொருந்தும். என் சாவகச்சேரியிலும் இல்லாத கடைகள் நிறையத் திறந்திருக்கின்றன. ஊரை விட்டவன் சொல்வதையும் அப்படியே விழுங்க முடியாது.

பிறகு அவள் கேட்டது என்னை உலுக்கியது. கனடாவில் ஒருவரும் வேலைக்குப் போவதில்லையா என்று கேட்டாள். பகிடியாகத்தான், ஆனால் பாதிதான் பகிடி. பதினைந்து வருடமாக அவள் பார்த்த கனேடியர் எல்லாரும் காலை பத்து மணிக்குக் கையில் பியரோடு வெயிலில் படுத்திருப்பவர்கள். அப்படிப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு அண்ணன் மாதம் நூறு டொலர் மட்டும் அனுப்புகிறான் என்று அவளுக்கு முப்பது வருட மனக்குறை. அவன் இரவு பத்து மணிக்குப் போய்க் காலை ஆறரைக்கு மா படிந்த கையோடு வருவதை நான் சொன்னேன். இயந்திரத்தில் அவன் ஒரு விரல் நுனி போனதையும் சொன்னேன். அது அவளுக்குத் தெரியாது. நாங்கள் அந்த நாட்டைப் பிழையாகக் காவி வந்தது மட்டுமல்ல, எங்கள் நாட்டையும் அங்கே பிழையாக விட்டு வந்திருக்கிறோம்.

மாலை மின்சாரம் போனது. முந்திய ஒக்டோபரில் தீவு முழுவதுமே இருண்டிருந்தது. அதற்குப் பிறகு இது வழக்கம் என்றாள். நாங்கள் கொண்டுபோன விளக்கை ஏற்றினோம். விரிகுடாவுக்கு அப்பால் வரடேரோப் பக்கம் வானம் வெளிச்சமாக இருந்தது. ஹோட்டல்களிடம் சொந்த ஜெனரேற்றர் உண்டு.

புறப்படும்போது அண்ணனுக்குக் கொடு என்று அன்றைய பங்கீட்டுப் பாணைத் தாளில் சுற்றித் தந்தாள். ஆளுக்கு ஒரு நாளுக்கு ஒன்று. பல வருடமாக 80 கிராம். 2024 செப்டெம்பரில் 60 ஆக்கிவிட்டார்கள். உன் பங்கை ஏன் தருகிறாய் என்றால் கேட்கமாட்டாள்.

அடுத்த கிழமை தொழிற்சாலையில் அதை அவனிடம் கொடுத்தேன். தாளைப் பிரித்து மணந்து பார்த்தான். மேற்பரப்பைப் பெருவிரலால் தட்டினான். பிறகு நேரே மா நிறுக்கும் தராசுக்குப் போய் வைத்தான். 51 கிராம் காட்டியது. பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ் பெடியன் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

"நாலு நாள் பெட்டிக்குள் கிடந்த பாண்" என்றான் மெக்கானிக், அவனைப் பார்க்காமல். "தண்ணி வத்தினால் எடை குறையும். எந்த நாட்டுப் பாணும் குறையும்."