தாழ்ந்த மோட்டார் வண்டியும் மிகைப் பாரமும்

கிராமங்களில் மாட்டு வண்டியின் ஸ்தானத்தைச் சிறு மோட்டார் லாரிகள் பெரும்பாலும் கைக்கொண்டுவிட்டன. 2005-ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் என்னும் சிறு வண்டி வெளிவந்த பின்னர் இம்மாறுதல் இன்னும் விரைவாயிற்று. அக்காலத்தில் வாங்கப்பட்டவற்றுள் பல முதுமையடைந்து, கைமாறிக் கைமாறிக் குடியானவர்களிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றுள் சிலவற்றின் ஸ்பிரிங் பட்டைகள் வருஷக்கணக்கான பாரத்தால் வளைவிழந்து தட்டையாயின. வேறு சிலவற்றை முன்பு வைத்திருந்தோர் அழகின்பொருட்டு வேண்டுமென்றே தாழ்த்தினர். தட்டு தாழ்ந்திருப்பதால் மூட்டை ஏற்றுவது சுலபமென்று வாங்குவோர் மகிழ்வதுண்டு. அது உண்மையே. பாரம் தரைக்கு அருகிலிருப்பதால் திருப்பங்களில் கவிழும் அபாயம் சிறிது குறைகிறதென்பதையும் மறுக்க வேண்டுவதில்லை. ஆயினும் இவ்விரண்டு சௌகரியங்களுக்கும் கொடுக்கப்படும் விலை மிகப் பெரிது.

ஸ்பிரிங் பட்டை பாரத்தைத் தாங்குவதோடு, பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்பொழுது உண்டாகும் அதிர்ச்சியையும் தானே ஏற்றுக்கொள்வது. அதற்கு இருசுக்கும் வண்டியின் சட்டத்திற்கும் இடையே போதிய இடைவெளி வேண்டும். தாழ்ந்த வண்டியில் அவ்விடைவெளி வெறுமையாய் நிற்கும்பொழுதே குறைந்திருக்கிறது. பாரம் ஏறியதும் ஏறக்குறைய இல்லாமற் போகிறது. அதன்பின் ஒவ்வொரு பள்ளத்திலும் இருசு சட்டத்தில் நேரே மோதும். சட்டம் விரிசல் காண்பதும், பட்டை முறிவதும், டயர் மேற்றகட்டில் உராய்ந்து கிழிவதும் இதன் பலன்களே. மேலே இரண்டு பட்டைகளைக் கூட்டிவிட்டால் எவ்வளவும் ஏற்றலாமென்று பட்டறைகளில் சொல்லப்படும் வார்த்தையை நம்பலாகாது. பட்டை கூடினால் பட்டைதான் பலப்படும். இருசும், பேரிங்கும், டயரும், பிரேக்கும் பழைய பலத்திலேயே நிற்கின்றன.

எவ்வளவு பாரம் தகும் என்பதற்குக் கண்மதிப்பு சிறிதும் உதவாது. வண்டியின் பதிவுச் சான்றில் வெற்றெடையும் மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவ்விரண்டின் வித்தியாசமே ஏற்றத்தக்க பாரம். வெற்றெடையில் ஓட்டுபவர் சேராராகையால் அவரும் பாரத்தில் அடங்கியவரே. வித்தியாசம் 750 கிலோ என்று கொள்வோமாயின், 45 கிலோ யூரியா மூட்டைகள் 16 ஏற்றினாலே 720 கிலோ ஆகிறது. ஓட்டுபவர் ஏறியவுடன் அளவு கடந்துவிடுகிறது. ஏரி வண்டலின் விஷயம் இதனினும் மோசம். 7 அடி நீளமும் 5 அடி அகலமுமுள்ள தட்டில் ஈர வண்டலை 1 அடி உயரத்திற்குப் பரப்பினால் அது ஏறக்குறைய ஒரு கன மீட்டர். எடை ஒன்றரை டன்னுக்குக் குறையாது. பார்வைக்கோ வண்டி பாதிகூட நிறையவில்லை போலத் தோன்றும்! இதுவும் புது வண்டிக்குரிய கணக்கு. தாழ்ந்த பழைய வண்டிக்குச் சான்றிலுள்ள அளவே அதிகம்.

ஓடத் தொடங்கிய பாரத்தை நிறுத்துவதில்தான் உயிருக்கு ஆபத்து. வேகம் 30 கிலோமீட்டரிலிருந்து 60-க்கு உயர்ந்தால் பிரேக்கு தணிக்க வேண்டிய சக்தி இரு மடங்கன்று, நான்கு மடங்காகிறது. மேலும் சில வண்டிகளில் பின் பிரேக்கின் அழுத்தத்தைப் பாரத்திற்கேற்பக் கூட்டிக் குறைக்கும் கருவி ஒன்று உண்டு. அது பாரத்தை அறிவது இருசுக்கும் சட்டத்துக்கும் உள்ள உயரத்தைக் கொண்டேயாம். தாழ்த்தப்பட்ட வண்டி வெறுமையாயிருக்கையிலும் பாரம் நிறைந்ததாகவே அதற்குத் தோன்றும். மழையில் திடீரென்று பிரேக்கை அழுத்தினால் பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் வழுக்கும்.

பாரத்தை வைக்கும் இடத்தைப் பற்றி மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. பின்பாரமானால் நுகத்தடி மேலே கிளம்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். ஆகையால் இறக்கி மாற்றி ஏற்றுவார்கள். மோட்டாருக்குக் கழுத்து இல்லாமையால் அது முறையிடுவதில்லை, அவ்வளவே வேற்றுமை. பின்பாரமான லாரியின் முன் சக்கரங்கள் தரையை இலேசாகத் தொட, ஸ்டீயரிங் சொன்னபடி கேளாது. இரவில் விளக்குகள் மேல்நோக்கி எதிரே வருவோர் கண்ணைக் கூசச் செய்யும். கனமான மூட்டைகள் பின் இருசுக்கு முன்னதாகவே அடுக்கப்பட வேண்டும்.

இத்தனைக்கும் பொறுப்பாளி யார்? விபத்து நேர்ந்தால் ஓட்டுபவரைக் குற்றஞ் சொல்வதே வழக்கமாயிருக்கிறது. அது நியாயமன்று. நடைக்கு இவ்வளவு என்று வாடகை பேசும் நிலக்காரரே, நடையைக் குறைத்துப் பாரத்தைக் கூட்டத் தூண்டுகிறார். எடைக்கு இவ்வளவு என்று பேசினால் மிகையாக ஏற்றுவதில் நிலக்காரருக்கு ஆதாயமில்லை. சட்டமும் இவ்விஷயத்தில் கண்மூடியிருக்கவில்லை. ஓட்டுபவர் வண்டிக்குச் சொந்தக்காரர் அல்லராயின், சொந்தக்காரர் அறிந்தோ அவர் உத்தரவின்பேரிலோ மிகைப் பாரம் ஏற்றப்பட்டதென்று நீதிமன்றம் கொள்ளலாமென 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு கூறுகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாய். இரண்டாம் நடைக்கு ஆகும் டீசல் செலவை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

தாழ்ந்த வண்டியை அடியோடு தள்ளிவிட வேண்டுமென்பதில்லை. பட்டைகளை மாற்றிப் பழைய உயரத்திற்குக் கொண்டுவரலாம். அதற்குக் கையில் பணமில்லாதவர் பூ, கீரை, வைக்கோல் முதலிய இலேசான சரக்குகளோடு நிறுத்திக்கொள்ளலாம். வண்டலுக்கும் உரத்துக்கும் நெல்லுக்கும் அதனை அனுப்பலாகாது. கிராம அதிகாரிகள் வண்டல் எடுக்கும் நாட்களில் ஏரிக்கரையில் நின்று அனுமதிச் சீட்டை மட்டும் பார்த்தனுப்புவது போதாது. ஏற்றிய வண்டியின் பின் இருசுக்கும் சட்டத்துக்கும் இடையே நான்கு விரல் நுழைகிறதா என்று குனிந்து பார்க்க ஒரு நிமிஷமே பிடிக்கும். நுழையாவிடில் அவ்விடத்திலேயே பாதியை இறக்கச் செய்யலாம். பாரத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் கூலியாட்களை அதற்கும் முன்னதாக இறக்கிவிட வேண்டும்.