ஈசிஜி எடுத்தாச்சு, படிக்கிறது யாரு?

2023-ல் தமிழக அரசு கொண்டு வந்த 'இதயம் காப்போம்' நல்ல திட்டம்தான். மாரடைப்போடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8, ஆக 14 மாத்திரை கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

சரி, ராத்திரி இரண்டு மணிக்கு ஈசிஜி தாளைப் பார்த்து அது மாரடைப்புதான் என்று சொல்வது யார்? டாக்டர் வரும்வரை நர்ஸ்தானே!

எல்லா மாரடைப்பும் ஒன்றல்ல. வலது கீழறை அடிபட்டவருக்கு வழக்கம்போல நாக்கடியில் சார்பிட்ரேட் வைத்தால் பிரஷர் தடாலென்று சரியலாம். தறிகெட்டு ஓடும் இதயத்துடிப்பை அடக்கப் போடும் அடினோசினோ சில நொடிகளில் சக்தி இழந்துவிடும். சட்டென்று ஏற்றி, பின்னாலேயே சலைனைத் தள்ள வேண்டும். ஒருநாள் வகுப்பில் புரொஜெக்டரைப் பார்த்து (மதியம் பிரியாணி வேறு!) இதெல்லாம் கைக்கு வருமா?

மாதம் ஒரு மணி நேரம், பெயர் மறைத்த பழைய ஈசிஜி தாள்கள் பத்து, ஊசி போட்டுப் பழக ஒரு பொம்மைக் கை போதும். பயிற்சி முகாமுக்கு அடிக்கும் பேனர் காசிலேயே பாதி முடிந்துவிடும்.