பரணை இறக்கியபோது…

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டுமே என்று போன மாதம் பரணில் இருந்ததையெல்லாம் கீழே இறக்கினேன். இத்தனை வருஷமாய் நான் வீட்டோடு சேர்த்து ஒரு கிட்டங்கியும் நடத்தி வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது! படம் வராத டி.வி., மூடியில்லாத மிக்சி ஜார், பையனின் எட்டாம் வகுப்பு நோட்டுகள், தொட்டில் கம்பு, சீர் வந்தும் கட்டாமலே மடிப்புக் கலையாத பூனம் சேலைகள். "எல்லாத்தையும் ஒரு தீக்குச்சியைக் கிழிச்சுப் போட்டா முடிஞ்சது" என்றார் அவர். நல்ல யோசனைதான், அதுவும் ஏழாயிரம்பண்ணையில் இருந்துகொண்டு! போகிக்குக் கொளுத்துவது சென்னைப் பக்கத்து வழக்கம். எங்கள் கரிசல் காட்டில் வேப்பிலையும் பூளைப்பூவும் வைத்துக் காப்புக் கட்டுவதோடு சரி. சுற்றிலும் பட்டாசு ஆபீஸ் இருக்கிற ஊரில் குப்பைக்குத் தீ வைப்பதை நினைத்தாலே வயிற்றைக் கலக்கும்.

எங்கள் அம்மா காலத்தில் இந்தக் கவலை இல்லை. ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழக்காரர் வருவார். பழைய துணிக்குப் பாத்திரக்காரம்மா வருவாள். நாலு சேலைக்கு ஒரு எவர்சில்வர் டம்ளருக்காக அரை மணி நேரம் வாசலில் பேரம் நடக்கும். இன்றைக்கு வேண்டாததைக் கொடுக்க இடம் தேடி நாம்தான் அலைய வேண்டியிருக்கிறது. அப்படி அலைந்ததில் நான் செய்த ஒரு தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், சகோதரிகளே.

அடுத்த தெருவில் ஒரு பெண். பட்டாசு ஆபீசில் வேலை. இரண்டு பிள்ளைகள். "இந்தா தாயி, புதுசு மாதிரி இருக்கு, கட்டிக்கோ" என்று இரண்டு பூனம் சேலையைக் கொடுத்தேன். அவளுக்குச் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். நாலு நாள் கழித்து வழியில் பார்த்தபோது முகம் வாடியிருந்தது. கேட்டதற்கு மெல்லச் சொன்னாள்.

"உங்க மேல தப்பில்ல யக்கா. மழையில என் சேலை எல்லாம் காயல. நீங்க குடுத்ததைக் கட்டிட்டுப் போனேன். வாசல்லயே போர்மேன் நிறுத்திட்டாரு. பருத்தி கட்டிட்டு வான்னுட்டாரு. வேன் போயிருச்சு, எப்படித் திரும்பிப் போக? அன்னிக்குச் சம்பளம் போச்சு."

அந்தப் போர்மேன் செய்தது சரிதான். மருந்து புழங்கும் இடத்தில் பருத்தி தவிர வேறு உடுத்தக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. காற்று வறண்ட நாளில் நைலான் சேலையை அவிழ்க்கும்போது படபடவென்று சத்தம் கேட்டு, கை முடி நட்டுக்கொள்கிறதே, அது மின்சாரம். நமக்கு அது வேடிக்கை. மருந்துத் தூள் பக்கத்தில் அந்தப் பொறி போதும். 2021 பிப்ரவரி 12-ல் எங்களுக்குப் பக்கத்து அச்சன்குளத்தில் நடந்த வெடிவிபத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. இருபதுக்கு மேல் உயிர் போனது. அதற்குக் காரணம் சேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த ஊரில் இருந்துகொண்டு, வேலைக்குப் போகிறவளுக்கு என்ன சேலை கொடுப்பது என்று எனக்குத் தோன்றாமல் போனதே!

அதிலிருந்து துணியை இரண்டாகப் பிரிக்கிறேன். நூல் சேலை, பருத்திச் சட்டை, வேட்டி எல்லாம் பட்டாசு, தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற வீடுகளுக்கு. சந்தேகம் வந்தால் ஓரத்து நூல் ஒன்றை இழுத்துத் தண்ணீர்த் தொட்டி ஓரமாய் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் கருகுகிற வாசனை வந்து சாம்பலாகும். மற்றது உருகிக் குட்டி மணியாய்ச் சுருளும். தீப்பிடித்தால் உடம்பிலும் அப்படியேதான் உருகி ஒட்டும். அதனால் அடுப்படியில் நிற்கிற நாமும் பருத்தி உடுத்துவது நல்லது. பாலியஸ்டர் வகையெல்லாம் கடை, பள்ளிக்கூடம், காட்டு வேலை என்று போகிறவர்களுக்கு. அதையும் கேட்டுத்தான் கொடுக்கிறேன்.

கிழிந்ததையும் கறை பிடித்ததையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாய்ப் பழைய துணி போய் இறங்கியது. அழுக்கும் கிழிசலுமாய் இருந்ததால் தொடக்கூட ஆளில்லாமல் சாலையோரம் மழையில் கிடந்தது. கஷ்டப்பட்டவர்களுக்கும் மானம் உண்டு அல்லவா? டெல்லியில் 1999-ல் அன்ஷு குப்தா தொடங்கிய 'கூஞ்ச்' என்ற அமைப்பு, வருகிற துணியை முதலில் பிரித்துச் சரிபார்த்துத்தான் அனுப்புகிறது. தேய்ந்த பருத்தித் துணியைக்கூட அவர்கள் வீணாக்குவதில்லை. சுத்தம் செய்து, மாதவிலக்குக்கு உதவும் துணிப் பட்டைகளாகத் தைத்துக் கொடுக்கிறார்கள். இதைப் படித்த பிறகு பழைய நூல் சேலையைக் கரித்துணியாக்க எனக்கு மனசு வரவில்லை. நன்றாய்த் துவைத்து வெயிலில் காயவைத்த மெல்லிய சேலை பச்சைக் குழந்தைத் தொட்டிலுக்கு எவ்வளவு இதம் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். பிள்ளை பெற்ற வீட்டில் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். உபயோகித்த பால் பாட்டிலையும் ரப்பரையும் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

இனிமேல் யாரும் உடுத்தவே முடியாது என்கிற துணி இருந்தால், மெக்கானிக் கடைக்கும் அச்சாபீசுக்கும் மிஷின் துடைக்க ஆகும். சிவகாசி பக்கம் அச்சாபீசுக்கா பஞ்சம்!

நோட்டும் செய்தித்தாளும் பழைய பேப்பர் கடைக்குத்தான். எங்கள் பக்கம் பழைய காகிதத்துக்கு மறுபிறவி உண்டு. பட்டாசுக் குழாயாய்ச் சுற்றி, தீபாவளிக்கு வெடித்து, யாரோ ஒரு பிள்ளை போட்ட தப்புக் கணக்கு நம் வாசலில் வந்து விழும். எடைக்குப் போடுமுன் ஆதார் நகல், வங்கிக் காகிதம் ஏதும் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தீபாவளிக்குப் பிறகு என்றால் இன்னொன்றும் பாருங்கள். என் கட்டுக்குள் இரண்டு வெடிக்காத பட்டாசு இருந்தது, பையன் ஒளித்து வைத்தது. அதையெல்லாம் வாளித் தண்ணீரில் நன்றாய் ஊறப் போட்டுவிட வேண்டும். குப்பையோடு போட்டால், யாராவது கொளுத்தும்போது பக்கத்தில் நிற்கிற குழந்தைக்கு ஆபத்து.

கதைப் புத்தகங்களை ஊர்ப்புற நூலகத்துக்கோ அங்கன்வாடிக்கோ கொடுக்கலாம், முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு. பாடப்புத்தகம் அப்படியில்லை. 2018-ல் தொடங்கிப் பாடத்திட்டத்தையே மாற்றிவிட்டார்கள். அதற்கு முந்தியது எடைக்குத்தான் ஆகும்.

மருந்து சங்கதி வேறு. தேதி முடிந்த மாத்திரையை 'பாவம், இல்லாதவங்க' என்று யாருக்கும் நீட்டாதீர்கள். அதே போல, ஆபீசுகளில் ரசாயனம் வந்த காலி டப்பா மலிவாய்க் கிடைக்கிறது என்று வாங்கித் தண்ணீர் பிடிப்பதும் வேண்டாம். எத்தனை தரம் தேய்த்தாலும் உள்ளே என்ன ஒட்டியிருக்கும் என்று யார் கண்டது?

மிச்சம் இருப்பது மின்சாரச் சாமான். 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச கலர் டி.வி.யும், 2011-க்குப் பிறகு கொடுத்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கின்றனவோ! மிக்சியும் மின்விசிறியும் பரவாயில்லை. காயில் சுற்றினால் ஓடும், இல்லாவிட்டால் செம்புக் கம்பிக்கு விலை உண்டு. ஆனால் பிள்ளைகளை விட்டு வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்க விடாதீர்கள், அந்தப் புகை விஷம். பழைய குண்டு டி.வி.யின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. குழல் விளக்கில் பாதரசம். இரண்டையும் உடைக்கக் கூடாது. 2023 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த மின்னணுக் கழிவு விதிப்படி, இவற்றை முறையாக மறுசுழற்சிக்குச் சேர்ப்பது தயாரித்த கம்பெனிகளின் பொறுப்பு. அதனால் புதிது வாங்கும்போது, "பழசை எடுத்துக்குவீங்களா, எங்கே அனுப்புவீங்க?" என்று கடையில் கேட்கத் தயங்காதீர்கள்.

அந்தப் பெண் போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மூன்று நூல் சேலையை விரித்துக் காட்டி, "உனக்கு எது ஆகுமோ பார்த்து எடுத்துக்கோ" என்றேன். இரண்டை எடுத்துக்கொண்டாள். மூன்றாவது கிழியுமாம், நூல் இற்றிருக்கிறதாம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினாள், எனக்குத் தெரியவேயில்லை. பூனம் சேலையைத் துவைத்து மடித்துக் கொண்டு வந்திருந்தாள். திருப்பி வாங்க எனக்குக் கூச்சமாயிருந்தது. "கல்யாணம் காட்சிக்குக் கட்டிக்கிறேன் யக்கா" என்று அவளே மறுபடி எடுத்து வைத்துக்கொண்டாள்.

டி.வி. மட்டும் இன்னும் திண்ணையில் இருக்கிறது. சாத்தூர்க் கடையில் புதிது வாங்கும்போது கொண்டு போகலாம் என்கிறார் அவர். எப்போது வாங்கப் போகிறாராம் என்று கேட்டேன், பதிலைக் காணோம்.