எரிமலை போதும், தோசை மாவைச் சோதித்துப் பாருங்கள்

வினாகிரிக்குள் அப்பச்சோடாவைப் போட்டால் நுரை பொங்கும். வெளிநாட்டில் பள்ளிக்குப் போன நாம் எல்லோரும் அந்த ‘எரிமலை’யை ஒரு தடவையாவது செய்திருப்போம். இப்போது உங்கள் தம்பி தங்கைகள் செய்கிறார்கள். நல்ல வேடிக்கைதான். ஆனால் அதைப் பரிசோதனை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. என்ன நடக்கும் என்று செய்பவருக்கு முன்பே தெரியும். கடையில் காசு கொடுத்து வாங்கும் அறிவியல் பெட்டிகள் பலவும் அப்படித்தான், விடையையும் சேர்த்தே விற்கிறார்கள்.

விடை தெரியாத கேள்வி ஒன்று நம் வீட்டுக் குசினியிலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் தோசை மா ஏன் பொங்குவதில்லை? கையால் கலக்க வேண்டும், அது கைராசி என்பார் அம்மம்மா. அம்மா ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைப்பார். வெந்தயம் போதவில்லை என்பார் சித்தி. பெரியப்பா குழாய்த் தண்ணீரைக் குற்றம் சொல்வார். எல்லோரிடமும் கருத்து இருக்கிறது, அளந்து பார்த்தவர்தான் யாருமில்லை.

மாவைப் பொங்க வைப்பவை நுண்ணுயிர்கள். பெரும்பாலும் உளுந்தோடேயே அவை வந்துவிடுகின்றன. மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகின்றன. அமிலம்தான் புளிப்பு. வாயுவை அரைத்த உளுந்தின் பசை பிடித்து வைத்துக்கொள்வதால் மா உயர்கிறது. எரிமலையில் வருவதும் இதே வாயுதான், இங்கே அதைச் செய்வது உயிர்.

ஒரே மாவை ஒரே மாதிரியான மூன்று கண்ணாடிக் குவளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு ஊற்றுங்கள். மாவின் மட்டத்தில் ரப்பர் வளையம் ஒன்றைப் போடுங்கள். ஒன்று பிரிட்ஜுக்குள், ஒன்று மேசையில், ஒன்று விளக்குப் போட்ட ஓவனுக்குள். (ஓவன் கதவில் ‘போடாதீர்கள்’ என்று எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீடுகளில் இது அவசியம்.) மூடியை இறுக்க வேண்டாம், வாயு வெளியேற வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு தடவை உயரத்தையும் அந்த இடத்தின் வெப்பநிலையையும் எழுதுங்கள். புது ஓவன்களில் எல்.ஈ.டி விளக்கு என்றால் சூடு அதிகம் வராது. அம்மாவின் முறை சில வீடுகளில் பலிக்காததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மென்பொருளில் பிழை தேடும்போதும் நான் செய்வது இதுதான். இரண்டு இடத்தில் கை வைத்துவிட்டு நிரல் ஓடத் தொடங்கினால், எது சரிசெய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இரவு முழுக்கக் காத்திருக்கப் பொறுமையில்லாத சின்னவர்களுக்கு மஞ்சள் போதும். மஞ்சள் கரைசலைத் தடவிக் காயவைத்த தாளில் சவர்க்காரத் தண்ணீர் பட்டால் சிவக்கும், எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். ஆனால் வீட்டில் இன்னும் எவையெவை சிவக்க வைக்கும் என்று முதலில் ஊகித்து எழுதச் சொல்லுங்கள். தொட்டுப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

இனி கைராசி. சிரித்துவிட்டுப் போகிற இளையவர்களையும் எனக்குப் பிடிக்காது, சோதிக்காமல் நம்புகிறவர்களையும் பிடிக்காது. மாவைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை அம்மம்மா கையால் கலக்கட்டும், மறுபாதியை அதே நேரம் கரண்டியால் கலக்கட்டும். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கட்டும். எது எது என்று தெரியாத ஒருவர் உயரத்தை அளக்கட்டும். மூன்று வார இறுதிகளிலாவது திருப்பிச் செய்யுங்கள். கை வென்றால் வேலை முடியவில்லை. கையின் சூடா, தோலில் உள்ள நுண்ணுயிரா, அல்லது கரண்டியை விடக் கை நன்றாகக் கலக்கிவிட்டதா? முதலில் எதைச் சோதிப்பது என்று அம்மம்மாவிடமே கேளுங்கள். உங்களை விட அதிகம் மா கரைத்தவர் அவர்.